உப்பளத்தில் எடுத்த படம்... ஒரு பிரதி 9 ரூபாய்! - தூத்துக்குடியில் இரண்டு நாள்

அதிகாலை 4.30 மணி. தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காடு. இன்னும் விடியவில்லை. சாலையின் இரண்டு பக்கமும் உப்பளங்கள். தூரத்தில் துறைமுகத்தின் விளக்குகள் மினுங்குகின்றன. பாத்திகளுக்கு நடுவே டார்ச் வெளிச்சங்கள் அங்குமிங்கும் நகர்கின்றன. பேச்சுக் குரல் கேட்கிறது, ஆட்கள் தெரியவில்லை.

"வரப்பு மேலயே வாங்க தங்கச்சி. பாத்திக்குள்ள கால வெச்சிராதீங்க. செருப்புல இருக்க மண்ணு உப்புல ஒட்டுனா அவங்களுக்குத்தான் கஷ்டம்" என்றபடி முன்னால் நடக்கிறார் அண்ணன். தோளில் கேமரா பை, கையில் ஸ்டாண்ட். வயது 34. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், இந்தக் கட்டுரை முழுக்க அவர் எனக்கு அண்ணன்தான்.

கல்யாண வீடுகளில் போட்டோ எடுப்பது அவர் பழைய தொழில். 2017-லிருந்து இன்னொரு வேலையும் செய்கிறார். எடுத்த படங்களை வெளிநாட்டு இணையதளங்களில் ஏற்றி விற்கிறார். யார் வேண்டுமானாலும், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும், சில ரூபாய்களில் வாங்கிக்கொள்ளலாம். 'ஸ்டாக் போட்டோ' என்பார்கள். 'தூங்கும்போதும் சம்பாதிக்கலாம்' என்று சொல்லும் வீடியோக்கள் உங்கள் மொபைலிலும் வந்திருக்கும். என் மொபைலிலும் வந்தது. உண்மையிலேயே அப்படிச் சம்பாதிக்கிற ஒருவரோடு இரண்டு நாள் சுற்றிப் பார்ப்போமே என்றுதான் முந்தின நாள் காலை முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினேன்.

ஊர் வேறு, விற்கிற ஊர் வேறு!

முதல் நாள் அண்ணன் என்னை ஊரைச் சுற்றிக் காட்டினார். ஆனால், சுற்றுலா வந்தவர்களுக்குக் காட்டுவதுபோல அல்ல.

பனிமய மாதா பேராலயத்தின் முன் நின்றோம். 1713-ல் கட்டப்பட்ட கோயில். 1982-ல் போப் இரண்டாம் ஜான் பால் இதைப் பேராலயமாக அறிவித்தார். ஆகஸ்ட் 5-ம் தேதி திருவிழாவுக்கு ஊரே திரண்டு நிற்கும். "இது செய்திப் படமாத்தான் போகும். விளம்பரத்துக்கு விக்க முடியாது. கூட்டத்துல இருக்க முகத்துக்கெல்லாம் கையெழுத்து வாங்க முடியுமா?" என்றார்.

மீன்பிடித் துறைமுகத்தில் வரிசையாக நின்ற படகுகளைக் காட்டினார். "இதுல பேரும் நம்பரும் எழுதியிருக்கு பாருங்க. விளம்பரத்துக்குன்னா அதையெல்லாம் கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டுத்தான் ஏத்தணும்."

ஒரு பேக்கரியில் கால் கிலோ மக்ரூன் வாங்கினோம். முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு மூன்றும் சேர்ந்து, கூம்பு கூம்பாக, வாயில் போட்டதும் கரைந்துவிடும் தூத்துக்குடி அடையாளம். நான் ஒன்றை எடுத்து வாயில் போடுவதற்குள், நல்லதாக நான்கைத் தனியே எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "வெள்ளை சார்ட் மேல வெச்சு எடுப்பேன். ஆனா வாங்குறவன் தூத்துக்குடி மக்ரூன்னு தேட மாட்டான். வெள்ளை இனிப்பு, முட்டை இனிப்புன்னு தேடுவான்."

மாலையில் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்னது, இந்தத் தொழிலின் சூட்சுமத்தையே சொன்னதுபோல இருந்தது.

"நம்ம ஊர்ப் பக்கம் தேரிக்காடு இருக்குல்லா... சிவப்பு மணல். தேரின்னு பேர் போட்டு ஏத்துனேன். ரெண்டு வருஷம் ஒருத்தன் சீண்டல. செக்கச் சிவந்த மணல், வறட்சின்னு வார்த்தைய மாத்துனேன். விக்க ஆரம்பிச்சிருச்சு. ஊர் பேர எடுத்தாத்தான் படம் விக்கும். அதான் தங்கச்சி இதுல உள்ள வேதனை."

ஒரு படத்துக்கு 50 வார்த்தைகள் வரை குறிச்சொல் கொடுக்கலாம். வாங்குபவர் எந்த வார்த்தையைத் தட்டித் தேடுவார் என்று யோசித்து எழுத வேண்டும். படம் எடுக்க ஒரு மணி நேரம் ஆனால், குறிச்சொல் எழுத இரண்டு மணி நேரம் ஆகிறது. முன்பு அண்ணனின் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவாராம். இப்போது கைக்குழந்தை. நேரமில்லை.

கனடாவில் தொடங்கிய கதை

ஒரு காலத்தில் பத்திரிகைக்கோ, விளம்பரத்துக்கோ ஒரு படம் வேண்டுமென்றால், பெரிய ஏஜென்சிகளிடம் நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்க வேண்டும். 2000-ல் கனடாவின் கால்கரி நகரில் புரூஸ் லிவிங்ஸ்டன் என்பவர் ஐஸ்டாக்போட்டோ என்ற தளத்தைத் தொடங்கினார். முதலில் படங்களை இலவசமாகப் பகிர்ந்துகொள்ளும் இடமாகத்தான் இருந்தது. பிறகு சில்லறைக் காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள். டிஜிட்டல் கேமரா வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்த நேரம். படம் எடுக்கிற எல்லோரும் விற்கலாம் என்று ஆனது. 2006-ல் கெட்டி இமேஜஸ் நிறுவனம் 5 கோடி டாலருக்கு அதை வாங்கியது.

இதற்கிடையே 2003-ல் நியூயார்க்கில் ஜான் ஓரிங்கர், தானே எடுத்த 30,000 படங்களோடு ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கினார். மாதச் சந்தா கட்டினால் படங்களை எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கொண்டுவந்த ஏற்பாடு. கேபிள் டிவிக்கு மாதக் கட்டணம் கட்டுவதுபோல. வாங்குபவருக்கு லாபம். எடுத்தவருக்கோ, ஒரு படத்துக்கான பங்கு சில்லறையாகச் சுருங்கிப்போனது.

"முதல்ல ஒரு படம் போனா குறைஞ்சது 25 சென்ட் வரும். இப்போ சில நேரம் 10 சென்ட்தான். நம்ம காசுக்கு எட்டு ரூபா, ஒம்பது ரூபா. அபூர்வமா ஒரு படம் ஆயிரம் ரூபாய்க்கும் போகும். அன்னைக்கு வீட்ல பரோட்டா" என்று சிரிக்கிறார்.

அண்ணனிடம் இப்போது 6,200 படங்கள் விற்பனையில் இருக்கின்றன. 2019-ல் ஒரு மாதம் 21,000 ரூபாய் வந்தது. அதுதான் அதிகபட்சம். போன மாதம் வந்தது 7,400 ரூபாய்.

'அந்தக் கை என்னோடது!'

கிழக்கு வெளுத்தது. டார்ச் வெளிச்சங்கள் அணைந்து, ஆட்கள் தெரிய ஆரம்பித்தார்கள். அப்போதுதான் உப்பளம் எனக்கு முழுதாகத் தெரிந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கட்டம் கட்டமாகப் பாத்திகள். ஒவ்வொன்றிலும் வானம் கிடந்தது.

ஆண்களும் பெண்களும் வாருபலகையால் உப்பை இழுத்து வரப்போரமாகக் குவிக்கிறார்கள். நீளக் கம்பின் முனையில் குறுக்காக ஒரு பலகை. அவ்வளவுதான் கருவி. உப்புநீர் வெயிலில் சுண்டிச் சுண்டி, ஒரு பதம் வந்த பிறகுதான் உப்பு படியும். அந்தப் பதம் தாண்டினால் கசப்பு இறங்கிவிடும் என்பதால், மிச்ச நீரை வெளியேற்றிவிடுவார்கள். குவித்த உப்பைச் சுமந்து போய் மேட்டில் கொட்டினால், வெள்ளை மலைபோல உயர்ந்து நிற்கிறது. 'அம்பாரம்' என்கிறார்கள்.

ஒன்பது, பத்து மணிக்குமேல் இங்கே நிற்க முடியாது. மேலே சூரியன், கீழே உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். கண் கூசுகிறது. அதனால்தான் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. காலில் சிறு கீறல் இருந்தாலும் உப்பு பட்டு எரியும். ராஜம் கிருஷ்ணன் இந்த மக்களோடு பழகித்தான் 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதினார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் இங்கே வேலையே கிடையாது.

அண்ணன் முதலில் கணக்குப்பிள்ளையிடம் போய் வணக்கம் சொன்னார். உப்பளத்தின் உரிமையாளரிடம் ஏற்கெனவே எழுத்து மூலம் அனுமதி வாங்கி வைத்திருக்கிறார். பிறகுதான் கேமராவை வெளியே எடுத்தார்.

"ஏலேய், வந்துட்டியா? இன்னைக்கு யாரு கைய எடுக்கப்போற?" என்று குரல் கொடுத்தார் ஓர் அம்மா. ஐம்பது வயதைத் தாண்டியவர். சேலைக்கு மேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. அண்ணன்தான் விளக்கினார்.

அவருடைய படங்களில் அதிகம் விற்றது ஒரு கை. 2019-ல் எடுத்தது. கல் உப்பை அள்ளி நீட்டுகிற இரண்டு உள்ளங்கைகள். வெடிப்புகள், காய்ப்புகள், அதன் நடுவே பளிங்குபோல உப்பு. முகம் இல்லை, ஊர் இல்லை. அந்தக் கைக்குச் சொந்தக்காரர்தான் இந்த அம்மா.

"முகம் தெரியாத படத்துக்குக் கையெழுத்து வாங்கணும்னு கட்டாயமில்லதான். ஆனா, எங்க ஊர்ல கையப் பாத்தே இது யாருன்னு சொல்லிருவாங்க. அதான் படிவத்துல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்குனேன். அன்னைக்கு ஐநூறு ரூபா கொடுத்தேன். வருஷா வருஷம் பொங்கலுக்கு ஒரு சேலை" என்றார் அண்ணன்.

இந்தப் படிவம் முக்கியம். ஒருவரை அடையாளம் காண முடிகிற படத்தை விளம்பரத்துக்கு விற்க வேண்டும் என்றால், அவருடைய எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் தளங்கள் ஏற்காது. சம்மதம் இல்லாத படங்களைச் செய்தி, கட்டுரை போன்றவற்றுக்கு மட்டும்தான் கொடுக்கலாம்.

ஏழரை மணிக்கு வேலையில் சின்ன இடைவேளை. தூக்குவாளியில் வந்த டீயை ஊற்றிக் கொடுத்தார்கள். நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தக் கை எங்கெல்லாம் போயிருக்குன்னு பாத்தீங்களாம்மா?"

"இவன் போன்ல காட்டுவான்."

அண்ணன் மொபைலை எடுத்தார். படத்தைக் கொடுத்துத் தேடினால் அது எங்கெல்லாம் பயன்பட்டிருக்கிறது என்று ஓரளவு தெரிந்துகொள்ளலாம். ஒரு வெளிநாட்டு ஓட்டலின் மெனு கார்டு. வலிக்கிற பாதத்தை ஊறவைக்கும் குளியல் உப்பு விற்கிற கடை. இன்னொன்று, ரத்தக் கொதிப்பு பற்றிய மருத்துவக் கட்டுரை.

"இதுல என்ன எழுதியிருக்கு?" என்று அந்தக் கடைசிப் படத்தைக் காட்டிக் கேட்டார் அம்மா.

"சாப்பாட்டுல உப்பைக் குறைங்கன்னு எழுதியிருக்கும்மா" என்றேன்.

"உப்பைக் குறைக்கச் சொல்லுதாங்களா? என் கையக் காட்டியா? அப்போ எங்க பொழப்பு?"

டீ குடித்துக்கொண்டிருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்மாவும்தான். சிரித்து முடித்த பிறகு, அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமா, நானும் கேக்கணும்னு இருந்தேன். இது மொத்தத்துல உனக்கு எவ்ளோ துட்டு கொடுத்துச்சு?"

அண்ணன் ஒரு நொடி தயங்கினார். பிறகு கணக்கைத் திறந்து அவரிடமே நீட்டினார். இதுவரை 412 முறை விற்றிருக்கிறது. மொத்தம் 104 டாலர். சுமார் 8,700 ரூபாய்.

"இத்தனை வருஷத்துக்குமா?"

"ஆமாக்கா. ஒரு தடவைக்கு ஒம்பது ரூபா, இருபது ரூபான்னு வந்தது."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குடித்தார். "கடையில பாக்கெட்டு உப்பு ஒரு வெலை. பாத்தியில ஒரு வெலை. அதே கதைதான் உனக்கும்" என்று சொல்லிவிட்டு, வாருபலகையை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்.

இயந்திரம் செய்த உப்பளம்

பத்து மணிக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தோம். அண்ணி இட்லியும் சாம்பாரும் வைத்தார். சாப்பிட்டதும் அண்ணன் கம்ப்யூட்டரைத் திறந்தார். காலையில் எடுத்தது 300 படங்களுக்கு மேல். அதில் 22-ஐ மட்டும் தேர்ந்தெடுத்தார். ஒரே மாதிரி படங்களைக் குவித்தால் தளங்கள் திருப்பி அனுப்பிவிடும்.

பிறகு ஒன்றைக் காட்டினார். ஒரு தளத்தில் 'உப்பளத் தொழிலாளி' என்று ஆங்கிலத்தில் தேடினார். வரிசையாகப் படங்கள். அவற்றில் பல ஏ.ஐ செய்தவை. அடோபி ஸ்டாக் 2022 டிசம்பரிலேயே ஏ.ஐ படங்களை ஏற்பதாக அறிவித்துவிட்டது. கெட்டி இமேஜஸ் அதே ஆண்டு அவற்றுக்குத் தடை போட்டது. தளத்துக்குத் தளம் விதி மாறுகிறது.

"நல்லா பாருங்க தங்கச்சி."

பார்த்தேன். அழகாகத்தான் இருந்தன. பெண்ணின் கையில் ஒரு காய்ப்பு இல்லை. பாத்திக்குப் பின்னால் பனி மூடிய மலை. கையில் இருந்தது வாருபலகை இல்லை, தோட்டத்தில் சருகு வாருகிற முள்கரண்டி மாதிரி ஒன்று.

"உப்பு, கை, நீல வானம். அவ்ளோதான் வேணும்னா இனிமே யாரும் என்கிட்ட வாங்க மாட்டாங்க. அதுக்கு நான் உப்பளத்துக்கே போக வேண்டாமே. ஊர் பேர எடுத்துட்டு எடுத்துட்டு வித்தேன் பாருங்க, அதையெல்லாம் மெஷின் செஞ்சிருது. ஊர் பேரோட இருக்கறதத்தான் அதால செய்ய முடியல."

அதனால் ஒரு வருடமாக முறையை மாற்றியிருக்கிறார். இன்றைய 22 படங்களில் 14-ஐச் செய்திப் படங்களாகவே ஏற்றினார். ஒவ்வொன்றின் கீழும் தூத்துக்குடி, இந்தியா, தேதி, என்ன வேலை நடக்கிறது என்று ஆங்கிலத்தில் விவரம் எழுதினார். வாருபலகைக்கு ஆங்கில வார்த்தை கிடைக்காமல், அந்தச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதி, அது என்ன கருவி என்று ஒரு வரி சேர்த்தார். இத்தகைய படங்கள் அதிகம் விற்பதில்லை. ஆனால் பாடப் புத்தகம், ஆவணப்படம், செய்தி என்று வாங்குபவர்களுக்கு உண்மையான படம்தான் வேண்டும். அந்த ஆயிரம் ரூபாய் விற்பனை இரண்டு முறை நடந்தது, இரண்டும் இந்த வகைப் படங்களுக்குத்தான்.

நீங்கள் தொடங்க நினைத்தால்...

அண்ணனிடம், புதிதாக வருபவர்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னவை இவைதான்.

தளங்களில் சேரக் கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது ஏமாற்று. நல்ல மொபைல் கேமராவே தொடங்கப் போதும். படம் 4 மெகாபிக்ஸலுக்குக் குறையாமல், மங்கல் இல்லாமல் இருக்க வேண்டும். ஒரே படத்தைப் பல தளங்களிலும் விற்கலாம், தனியுரிமை எழுதிக் கொடுக்காதவரை. அமெரிக்கத் தளங்களில் வரிப் படிவத்தை பான் எண்ணோடு நிரப்பினால், அந்த நாட்டு விற்பனையில் பிடிக்கிற வரி குறையும். பணம் பேபால், பேயோனியர் போன்றவை வழியாக வரும். குறைந்தபட்சத் தொகை சேர்ந்த பிறகுதான் எடுக்க முடியும். புதியவர்களுக்கு அதற்கே பல மாதங்கள் ஆகலாம்.

"இத நம்பி வேலைய விட்றாதீங்கன்னு மட்டும் எழுதுங்க" என்றார் கடைசியாக.

அதைச் சொல்லும்போது அண்ணி அவரைப் பார்த்தார். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு அண்ணிதான் சொன்னார். திருப்பூரில் ஆன்லைனில் துணி விற்கும் கம்பெனி ஒன்றில் அண்ணனுக்கு வேலை வந்திருக்கிறது. சட்டைகளை வெள்ளைத் திரைக்கு முன்னால் மாட்டிப் படம் எடுக்கிற வேலை. மாதம் 22,000. இந்த மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. மக்ரூன் படத்துக்கு இன்னும் குறிச்சொல் எழுதி முடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே அண்ணன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

ஒரு பிரதி

இரவு எனக்கு ரயில். மாலை ஆறு மணிக்கு அண்ணன் என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு, வழியில் ஒரு கலர் லேப்பில் நிறுத்தினார். உள்ளே போய் ஓர் உறையோடு வந்தார். பைக் மறுபடியும் முள்ளக்காடு பக்கம் திரும்பியது.

அம்மாவின் வீட்டு வாசலில் பேத்தி படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் உறையைக் கொடுத்தார். காலையில் எடுத்த படம். அம்பாரத்தின் முன்னால் வாருபலகையை ஊன்றிக்கொண்டு, தலையில் துண்டோடு, யாரையோ பார்த்துச் சிரிக்கிற அம்மா. பின்னால் துறைமுகத்துக் கிரேன்கள். கைகள் மட்டுமில்லாமல் முகமும், ஊரும் சேர்ந்த படம்.

அம்மா அதை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "இத எவனுக்கும் விக்காத" என்றார்.

"விக்கலக்கா. இதுக்குப் படிவமே எழுதல."

அம்மா உள்ளே போய் ஒரு நூறு ரூபாய் நோட்டோடு வந்தார். அண்ணன் பின்னால் நகர்ந்தார். "சும்மா வாங்குனா சொவத்துல மாட்டத் தோணாதுல. புடி" என்று சட்டைப் பையில் திணித்தார்.

ஸ்டேஷனில் ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. "திருப்பூர் போறீங்களாண்ணே?" என்று இப்போது கேட்டேன்.

"போய்த்தான் ஆகணும். புள்ளைக்குப் பால் வாங்கணும்ல. மழைக்காலத்துல இவங்களும் கெடைச்ச வேலைக்குப் போறாங்க, நான் மட்டும் என்ன? ஏத்துன படம் அது பாட்டுக்கு விக்கும். லீவுக்கு வரும்போது உப்பளத்துக்கு வருவேன், பேரோட எடுப்பேன்" என்றார். சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்த நூறு ரூபாயை எடுத்து, மடிப்பைப் பிரித்துப் பார்த்தார்.

"இந்த மாசம் நான் வித்ததுலயே இதுதான் தங்கச்சி அதிக வெலைக்குப் போன படம்!"